மாடல் படகின் ஷாஃப்டில் சக்கரம் லூஸாகிவிட்டதா? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மோட்டார் கத்துகிறது, படகு நகரவில்லை. ரிமோட்டில் இன்னும் கொஞ்சம் த்ராட்டில் கொடுத்தால் சத்தம் மட்டும் ஏறுகிறது, பின்னால் தண்ணீர் சரியாகக் கலங்கக்கூட இல்லை. ரிமோட் படகு விட ஆரம்பித்த எல்லோரும் சீக்கிரமே சந்திக்கிற பிரச்சினை இது. உடனே மோட்டார் போய்விட்டது, பேட்டரி போய்விட்டது என்று பயந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். பல நேரங்களில் மோட்டார், பேட்டரி, ரிசீவர் மூன்றுமே நன்றாக இருக்கும். ஷாஃப்டின் மேல் மாட்டியிருக்கிற சக்கரம் பிடி விட்டுப்போய், ஷாஃப்ட் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று சுற்றிக்கொண்டிருக்கும்.

சக்கரம் என்று இங்கே முக்கியமாகச் சொல்வது பல் சக்கரத்தை. மோட்டாரின் முனையில் சின்னதாக ஒரு பினியன், அதோடு சேர்ந்து சுற்றுகிற பெரிய பல் சக்கரம் ஷாஃப்டில், அந்த ஷாஃப்டின் மறுமுனையில் தண்ணீருக்குள் ப்ரொப்பெல்லர். பல் சக்கரம் இல்லாமல் கப்ளிங் என்கிற இணைப்புத் துண்டு வழியாக மோட்டாரை நேரடியாக ஷாஃப்டில் கோத்த படகுகளும் உண்டு, அங்கேயும் பிடிமானம் இதே முறைதான், அதனால் இதே வேலைதான். ப்ரொப்பெல்லர் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். லூஸான சக்கரத்தை இன்னும் இறுக்கி முறுக்குவது ரிப்பேர் இல்லை. ஃபெவிக்விக் ஊற்றுவது அதைவிட மோசம். உருண்டையான வழவழப்பான ஷாஃப்டில் ஒரு சின்ன ஸ்க்ரூவின் நுனி எங்கே போய்ப் பிடிக்கும்? அது உட்காருவதற்கு ஷாஃப்டில் ஒரு தட்டையான இடம் செய்து கொடுக்க வேண்டும். அந்த இடம் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம், அது இல்லாமல் எத்தனை முறை இறுக்கினாலும் திரும்ப லூஸாகும்.

ஏன் லூஸாகிறது

சக்கரத்தின் நடுவில் இருக்கிற உலோகக் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு சின்ன துளை தெரியும். உள்ளே தலையில்லாத ஸ்க்ரூ ஒன்று, நடுவில் அறுகோணக் குழி. இதுதான் கிரப் ஸ்க்ரூ. சக்கரத்துக்கும் ஷாஃப்டுக்கும் இருக்கிற ஒரே உறவு அந்த ஸ்க்ரூவின் நுனிதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஷாஃப்ட் 4 மி.மீ. என்றால் அந்த நுனி மையத்திலிருந்து வெறும் 2 மி.மீ. தூரத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது. 40 மி.மீ. ப்ரொப்பெல்லரின் இலையில் தண்ணீர் எதிர்ப்பது மையத்திலிருந்து ஏறக்குறைய 14 மி.மீ. தள்ளி. அதாவது இலைகள் வாங்குகிற எதிர்ப்பைப்போல 7 மடங்கு விசையை இந்தச் சின்ன நுனி தாங்க வேண்டும். அப்புறம், மோட்டார் மூன்று சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஒரு சுற்று என்ற கணக்கில் பல் சக்கரம் வைத்திருந்தால், ஷாஃப்டில் வருகிற முறுக்கு விசையும் மோட்டாரில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மோட்டாரில் இருக்கிற பினியன் உறுதியாகவே இருந்து, ஷாஃப்டில் இருக்கிற பெரிய சக்கரம் மட்டும் அடிக்கடி விட்டுப்போவதற்கு இதுதான் காரணம்.

இதோடு அதிர்வும் சேர்கிறது. பக்கவாட்டு அதிர்வு இருந்தால் நன்றாக இறுக்கிய திருகுகூடத் தானாகக் கழன்று வரும் என்று கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-இல் சோதனை செய்தே காட்டினார். படகில் அந்த அதிர்வு எங்கிருந்து வரும்? வளைந்த ஷாஃப்ட், மோட்டாரும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாதது, ஓர் இலை உடைந்த ப்ரொப்பெல்லர். நம் ஊருக்கென்றே இன்னொன்று இருக்கிறது: ஆகாயத்தாமரை. அதன் வேர்க்கொத்து ஒன்று ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் ஷாஃப்ட் ஒரு நொடியில் நின்றுவிடும், மோட்டார் நிற்காது, அந்த அடி முழுக்க கிரப் ஸ்க்ரூவின் நுனியில்தான் விழும். யாரோ போட்டுவிட்டுப் போன தூண்டில் நரம்பும் இதையேதான் செய்யும்.

முதலில் உறுதி செய்யுங்கள்

பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாது, கனெக்டரையே பிரித்து வையுங்கள். விரல் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது ரிமோட்டில் யாராவது கை வைத்தால் காயம்தான்.

ஒரு கையால் ப்ரொப்பெல்லரை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் பல் சக்கரத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே அசைந்தால் பிரச்சினை வேறெங்கோ. சக்கரம் மட்டும் வழுக்கினால் கிரப் ஸ்க்ரூ. சக்கரமும் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றி ப்ரொப்பெல்லர் மட்டும் கைக்குள் நின்றால் ப்ரொப்பெல்லரின் மரை அல்லது நட்டு.

கையால் திருப்பும்போது உறுதியாகவே தெரிந்து, தண்ணீரில் போட்டால் மட்டும் வழுக்குகிற கேஸ்தான் குழப்பும். அதற்கு ஒரு பெர்மனென்ட் மார்க்கர் போதும். சக்கரத்தின் கழுத்திலிருந்து ஷாஃப்ட் மேல் வரைக்கும் நேராக ஒரே கோடு போடுங்கள். படகைக் கொஞ்ச நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள். கோடு இரண்டு துண்டாகி ஆளுக்கொரு இடத்தில் நின்றால் சந்தேகமே இல்லை. இந்தக் கோட்டை ரிப்பேர் முடிந்த பிறகும் போட்டு வையுங்கள், ஒவ்வொரு முறை படகைத் திறக்கும்போதும் ஒரே பார்வையில் நிலைமை தெரிந்துவிடும்.

சக்கரத்தைச் சுற்றி மஞ்சளாகவோ கறுப்பாகவோ மைபோல நைந்த தூள் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பித்தளைக் கழுத்துள்ள சக்கரம் நாள்கணக்கில் வழுக்கிக்கொண்டிருந்தால், அந்தப் பித்தளை தேய்ந்து கிரீஸோடு கலந்து அப்படி வரும். அந்த அளவுக்குப் போயிருந்தால் சக்கரத்தின் துளையே பெரிதாகியிருக்கும், அதற்கு லேத் பட்டறைதான் வழி.

என்னென்ன வேண்டும்

ஆலன் கீ செட். ஹார்ட்வேர் கடைகளில் எல்என் கீ என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். எம் 3 (மரையின் விட்டம் 3 மி.மீ.) கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. கீ, எம் 4-க்கு 2 மி.மீ., எம் 5-க்கு 2.5 மி.மீ. இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான கீயின் முனை சீக்கிரம் உருண்டுவிடும், உருண்ட கீ ஸ்க்ரூவின் குழியையும் உருட்டிவிடும், அப்புறம் பத்து நிமிட வேலை அரை நாள் வேலையாகும்.

சின்ன தட்டை அரம் ஒன்று, ஊசி அரம் செட் கிடைத்தால் இன்னும் நல்லது. புதிய கிரப் ஸ்க்ரூக்கள், முடிந்தால் ஸ்டெயின்லெஸ். பழையதையே திரும்பப் போடாதீர்கள், அதன் நுனி மழுங்கியிருக்கும். சுத்தம் செய்ய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அல்லது தின்னர். மரையைப் பூட்டுகிற திரவம், லாக்டைட் 243 மாதிரி நீல நிறத்தில் வருவது. சிவப்பு நிறத்தில் வருகிற 271 வகையை வாங்காதீர்கள், அது நிரந்தரப் பூட்டு, கழற்ற வேண்டுமென்றால் 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்ட வேண்டும், பிளாஸ்டிக் படகுக்குள் அது நடக்காத காரியம். நுணுக்கமாக அளக்க வெர்னியர் ஒன்று இருந்தால் நல்லது. இவ்வளவும் பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு என்று ஒரு சுற்று வந்தால் கிடைத்துவிடும். எம் 3 கிரப் ஸ்க்ரூ ஒன்றிரண்டு மட்டும் கொடுக்கச் சில கடைகளில் யோசிப்பார்கள், ஒரு சின்ன பாக்கெட்டாகவே வாங்கி வையுங்கள், எப்படியும் தீரும்.

கழற்றுவது

கீயைக் குழியின் அடிவரைக்கும் இறக்கிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். குழிக்குள் கிரீஸும் மணலும் அடைத்திருக்கும், ஒரு குண்டூசியால் அதை முதலில் நோண்டி எடுங்கள். பாதி இறங்கிய கீயால் திருப்பித்தான் பலர் குழியை உருட்டிவிடுகிறார்கள். நகரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். யாரோ ஏற்கெனவே மரைப்பூட்டு போட்டிருக்கலாம். நன்றாகச் சூடான சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூவின் மேல் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள், திரவம் இளகிவிடும், உடனே திருப்புங்கள். சக்கரத்தின் பல் பகுதி பிளாஸ்டிக் என்றால் சூடு அங்கே பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழி ஏற்கெனவே உருண்டிருந்தால், அதைவிடக் கொஞ்சம் பெரிய டார்க்ஸ் பிட் (நட்சத்திர வடிவ முனை) ஒன்றை மெல்லத் தட்டி இறக்கித் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். தட்டும்போது சக்கரத்தின் கழுத்துக்கு அடியில் மரத்துண்டு முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடி முழுக்க ஷாஃப்டுக்குப் போய் அதை வளைத்துவிடும்.

ஸ்க்ரூ லூஸானதும் அவசரப்பட்டு ஷாஃப்டைப் பின்னால் இழுத்துவிடாதீர்கள். இது முக்கியம். கிரப் ஸ்க்ரூவின் நுனி பெரும்பாலும் குழிந்த கிண்ணம்போல இருக்கும், விளிம்பு கூராக. அது அழுத்திய இடத்தில் ஷாஃப்டின் மேல் ஒரு சின்ன வட்டத் தழும்பு விழுந்திருக்கும், வழுக்கியிருந்தால் அந்தத் தழும்பு ஷாஃப்டைச் சுற்றி ஒரு கோடாகவே ஓடியிருக்கும். விரல் நுனியால் தடவினால் தழும்பின் ஓரம் பிசிறாகக் கீறும். அந்தப் பிசிறோடு ஷாஃப்டை, அது படகின் உடலைக் கடந்து போகிற குழாய் வழியாக இழுத்தால், தண்ணீர் உள்ளே வராமல் காக்கிற புஷ் என்ற வளையத்தின் உட்புறத்தை அது நீளமாகக் கீறிவிடும். அப்புறம் அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் கசிந்து படகுக்குள் வரும், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் சக்கரத்தை ஷாஃப்டிலேயே கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பிசிறை அரத்தால் லேசாக ராவி, துணியால் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு இழுங்கள். சக்கரம் தள்ளவே வரவில்லை என்றால் அதற்கும் இந்தப் பிசிறுதான் காரணம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி எடுங்கள், ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்ப வேண்டாம்.

ஷாஃப்ட் வெளியே வந்ததும் அதை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து உருட்டுங்கள். டீப்பாய்க் கண்ணாடியே போதும். நேராக இருந்தால் சத்தமில்லாமல் சீராக உருளும். வளைந்திருந்தால் தட்டித் தட்டி உருளும், கண்ணாடிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் வெளிச்சம் வந்து வந்து போகும். வளைந்த ஷாஃப்டை நிமிர்த்தலாமா என்று கேட்பார்கள். நிமிர்த்தாதீர்கள், புதிதாகப் போடுங்கள். கையால் நிமிர்த்திய ஷாஃப்டில் கொஞ்சமாவது வளைவு மிச்சமிருக்கும், அந்த மிச்சம் உங்கள் கிரப் ஸ்க்ரூவைத் திரும்பவும் கழற்றிவிடும்.

தட்டை செய்வது

வேலையின் இதயம் இதுதான், நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் இடம் குறிக்க வேண்டும். பழைய தழும்பு தெளிவாக இருந்தால் அதுவே அடையாளம். இல்லையென்றால் ஷாஃப்டைப் படகிலேயே திரும்பக் கோத்து, சக்கரத்தைப் பினியனுக்கு நேராக நிறுத்தி, பழைய கிரப் ஸ்க்ரூவை ஓர் அழுத்து அழுத்தி எடுங்கள், வட்டத் தழும்பு விழும். மார்க்கரால் அதைச் சுற்றிக் கறுப்பு அடியுங்கள்.

ஷாஃப்டை வைஸில் பிடிக்கும்போது வைஸின் பல் நேரடியாகப் படக்கூடாது, இரண்டு பக்கமும் அலுமினியத் தகடோ மரச்சில்லோ வைத்துப் பிடியுங்கள். அரத்தை ஷாஃப்டுக்குக் குறுக்கே சாயாமல் வைத்து, முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள், பின்னால் வரும்போது தூக்கிவிடுங்கள். அரத்தின் பல்லில் முதலில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் உலோகத்தூள் அடைக்காது. ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டில் இது பெரிய வித்தியாசம் காட்டும்.

எவ்வளவு ஆழம்? 4 மி.மீ. ஷாஃப்டுக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. போதும். வெர்னியரில் அளந்தால் அந்த இடத்தில் 3.6 அல்லது 3.7 காட்டும். அதற்குமேல் போனால் ஷாஃப்ட் அங்கே பலவீனமாகும். அளவு பார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது: தட்டையின் அகலம். 0.3 மி.மீ. ஆழத்துக்கு ராவினால் தட்டை இரண்டு மி.மீ.யைவிடச் சற்று அகலமாகத் தெரியும், எம் 3 ஸ்க்ரூவின் கிண்ண நுனி அதில் முழுதாக உட்காரும். நீளவாக்கில் ஸ்க்ரூவின் விட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 5 மி.மீ. இருக்கட்டும், சக்கரத்தைப் பினியனுக்கு நேராகச் சரிசெய்யக் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஷாஃப்டின் முனை வரைக்கும் ராவிக்கொண்டே போகாதீர்கள். தட்டையின் இரண்டு ஓரத்திலும் உருண்டைப் பகுதி நின்றால், ஸ்க்ரூ கொஞ்சம் இளகினாலும் சக்கரம் ஷாஃப்டை விட்டுக் கழன்று போகாது.

சக்கரத்தில் இரண்டு கிரப் ஸ்க்ரூ இருந்தால் இரண்டுக்கும் தனித்தனித் தட்டை வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்கிற சக்கரமே நல்லது, ஷாஃப்டைத் துளையின் ஒரு மூலையில் சேர்த்து அழுத்திப் பிடிக்கும். நேரெதிராக இருந்தால் இரண்டும் ஷாஃப்டை நடுவில் நெருக்கும், அவ்வளவுதான்.

மோட்டாரின் ஷாஃப்டில் இருக்கிற பினியனோ கப்ளிங்கோ லூஸாகி, அங்கேயே தட்டை ராவ வேண்டி வந்தால் மோட்டாரை முழுக்க ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஷாஃப்ட் மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி கழுத்தில் டேப் சுற்றிவிடுங்கள். உள்ளே காந்தம் இருக்கிறது, இரும்புத்தூளைச் சும்மா இழுத்துக்கொள்ளும், ஒருமுறை உள்ளே போனால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

ராவி முடித்ததும் ஓரங்களில் இருக்கிற பிசிறை நைஸான எமரித் தாளால் தேய்த்துவிடுங்கள். விரலால் தடவினால் எதுவும் கீறக்கூடாது.

மாட்டுவது

இனி சுத்தம். ஷாஃப்டின் தட்டை, சக்கரத்தின் துளை, ஸ்க்ரூ போகிற மரை, புது ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஆல்கஹாலில் நனைத்த துணியால், மரைக்குள் காது குடையும் பட்ஸால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் மரைப்பூட்டு சரியாகப் பிடிக்காது. ஷாஃப்டைக் குழாய்க்குள் விடுவதற்கு முன் கிரீஸ் போடுவோம் இல்லையா, அந்தக் கிரீஸ் கையிலிருந்து தட்டைக்கு வந்துவிடும். அதனால் முதலில் கிரீஸ் போட்டு ஷாஃப்டைக் கோத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, கடைசியாகத் தட்டையைத் துடையுங்கள்.

மரைப்பூட்டு ஒரே ஒரு சொட்டு, ஸ்க்ரூவின் மரையில். கூட ஊற்றினால் வழிந்து ஷாஃப்ட் வழியாகப் புஷ்ஷுக்குள் போகும், அங்கே போய் இறுகினால் ஷாஃப்ட் சுற்றவே சுற்றாது. இந்தத் திரவம் காற்று இல்லாத இடத்தில், உலோகத்தோடு ஒட்டியிருக்கும்போதுதான் இறுகும். பித்தளையில் சீக்கிரம் இறுகும், ஸ்டெயின்லெஸில் கொஞ்சம் மெதுவாக. கழுத்தும் பிளாஸ்டிக் ஆக இருந்தால் இதை ஊற்றாதீர்கள், சரியாக இறுகாது, ஏபிஎஸ் மாதிரிப் பிளாஸ்டிக்கில் பட்டால் நாளடைவில் விரிசல் விடவும் செய்யும். படகின் உடலும் பல நேரம் அதே ஏபிஎஸ்தான், கீழே சொட்டினால் உடனே துடைத்துவிடுங்கள்.

ஸ்க்ரூவைக் கையால் இறக்கி, தட்டையைத் தொட்டதும் நிறுத்தி, சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாகத் திருப்பிப் பாருங்கள். தட்டைக்கு நேராக வந்தால் விரலுக்கே தெரியும், ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். அங்கே வைத்து இறுக்குங்கள். ஆலன் கீயின் நீளமான பக்கத்தைக் குழிக்குள் விட்டு, குட்டையான பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் சின்ன ஸ்க்ரூவுக்கு அதுவே போதும். நீளமான கையைப் பிடித்து இறுக்கினால் குழியோ மரையோ போய்விடும், பித்தளையில் மரை சீக்கிரம் ஓடிவிடும்.

இறுக்குவதற்கு முன்னால் இரண்டு ஆட்டங்களைப் பாருங்கள். ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளினால் ஓர் அரை மி.மீ. ஆட வேண்டும். துளிகூட ஆடவில்லை என்றால் இறுகி உரசும், அதிகமாக ஆடினால் ப்ரொப்பெல்லர் தள்ளுகிற விசை முழுக்கப் பல் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் போகும். இரண்டாவது, பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி. செய்தித்தாளிலிருந்து மெல்லிய ஒரு கீற்றுக் கிழித்து இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து அதன் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். அப்புறம் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தாள் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வெளியே வர வேண்டும். கிழிந்தால் ரொம்ப நெருக்கம். மடிப்பே விழாவிட்டால் இடைவெளி அதிகம், பல் போய்விடும்.

முடிந்ததும் மார்க்கர் கோடு. மரைப்பூட்டு அரை மணி நேரத்தில் ஓரளவு பிடித்துவிடும், ஆனால் முழுப் பலம் வர 24 மணி நேரம் ஆகும். அதுவரை ஓட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை படகு விட வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையிலேயே வேலையை முடித்து வையுங்கள்.

ப்ரொப்பெல்லர் என்றால்

ப்ரொப்பெல்லர் பெரும்பாலும் ஷாஃப்டின் முனையில் இருக்கிற எம் 4 மரையில் நேரடியாகத் திருகப்பட்டிருக்கும். இங்கே புரிந்துகொள்ள வேண்டியது திசை. படகின் பின்னால் நின்று பாருங்கள். படகு முன்னே போகும்போது ப்ரொப்பெல்லர் கடிகாரத் திசையில் சுற்றினால், சாதாரண வலது மரையில் தண்ணீரின் எதிர்ப்பு அதைக் கழற்றப் பார்க்கும். எதிர்த்திசையில் சுற்றினால் ஓட ஓட இறுகும், ஆனால் ரிவர்ஸ் கொடுத்தால் கழலும். ஆகவே எந்தப் பக்கம் சுற்றினாலும் பூட்டு நட்டு ஒன்று கட்டாயம். நட்டை முதலில் ஷாஃப்டில் ஏற்றி, அதற்குப் பின்னால் ப்ரொப்பெல்லரைத் திருகி, ப்ரொப்பெல்லரைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டைப் பின்னோக்கித் திருப்பி அதன் மேல் இறுக்க வேண்டும். 4 மி.மீ. நட்டுக்கு 7 மி.மீ. ஸ்பேனர். பித்தளை ப்ரொப்பெல்லராக இருந்தால் ஒரு சொட்டு மரைப்பூட்டும் போடலாம். பிளாஸ்டிக் என்றால் நட்டு மட்டும். கூடுதலாக மரை மிச்சமிருந்தால் பின்பக்கம் ஒரு நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போட்டுவிடுங்கள், அப்போது கழன்றாலும் ப்ரொப்பெல்லர் ஏரிக்குள் போகாது.

முழுக்கப் பிளாஸ்டிக் சக்கரம் என்றால்

பொம்மைக் கடைப் படகுகளில் உலோகக் கழுத்தே இருக்காது, நைலான் சக்கரத்தை ஷாஃப்டில் அடித்து இறக்கியிருப்பார்கள். அது லூஸானால் கழுத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். நைலானிலும் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கிலும் ஃபெவிக்விக்கோ எபாக்ஸியோ உறுதியாக ஒட்டாது, இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் நடுத்தண்ணீரில் விட்டுவிடும். புதுச் சக்கரம் வாங்குங்கள், முடிந்தால் பித்தளைக் கழுத்தும் கிரப் ஸ்க்ரூவும் உள்ளதாக.

லேத் பட்டறைக்கு எப்போது போவது

துளையும் ஷாஃப்டும் அளவு பொருந்தவில்லை என்றால். இது நிறையப் பேருக்கு நடக்கிறது. 540 வகை மோட்டாரின் ஷாஃப்ட் 3.17 மி.மீ., அதாவது சரியாக ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அதற்கென்று வாங்கிய சக்கரத்தை 3 மி.மீ. ஷாஃப்டில் மாட்டினால் சுலபமாக இறங்கும், கிரப் ஸ்க்ரூ இறுக்கினால் நிற்கவும் செய்யும், ஆனால் ஸ்க்ரூ சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். சுற்றும்போது சக்கரம் தள்ளாடும், பல் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் விலகும். அலுமினியத் தாளைச் சுற்றி நிரப்புகிற வேலை இங்கே செல்லாது. அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் சின்னச் சின்ன லேத் பட்டறைகள் இருக்கின்றன, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய், "அண்ணே, இந்த ஷாஃப்டுக்கும் இந்தச் சக்கரத்துக்கும் நடுவுல ஆட்டம் இல்லாம ஒரு பித்தளை புஷ் போட்டுத் தரணும்" என்று கேளுங்கள். "சாம்பிள் எடுத்துட்டு வந்தியா தம்பி?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அளவைச் சீட்டில் எழுதிக்கொண்டு போகாதீர்கள், ஷாஃப்ட், சக்கரம், கிரப் ஸ்க்ரூ மூன்றையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். புஷ்ஷிலும் கிரப் ஸ்க்ரூவுக்கு நேராகத் துளை வேண்டும் என்று சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஸ்க்ரூ புஷ்ஷை மட்டும் பிடிக்கும், ஷாஃப்டைப் பிடிக்காது.

சக்கரத்தின் மரை ஓடிவிட்டதா? எம் 3 மரை போயிருந்தால் அதே துளையை 3.3 மி.மீ. ட்ரில் பிட்டால் பெரிதாக்கி எம் 4 டேப் போட்டுப் புது மரை வெட்டிக்கொள்ளலாம், கழுத்தின் தடிமன் அனுமதித்தால். இதையும் பட்டறையிலேயே செய்து தந்துவிடுவார்கள்.

தண்ணீரில் விடுவதற்கு முன்

பெரிய டப்பிலோ அகலமான டிரம்மிலோ தண்ணீர் நிரப்பிப் படகை அதில் வைத்து, பக்கவாட்டில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் பாதி த்ராட்டில் கொடுங்கள். அப்புறம் சில தடவை முன்னும் ரிவர்ஸுமாக மாற்றி மாற்றிக் கொடுங்கள். லூஸான சக்கரம் திசை மாறும்போதுதான் வழுக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கோட்டைப் பாருங்கள். தண்ணீரில்லாமல் காற்றில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது சோதனையே ஆகாது, சக்கரத்தின் மேல் பாரமே இருக்காது, புஷ் மட்டும் சூடேறும்.

முட்டுக்காடு மாதிரிக் கடல் தண்ணீர் வந்து சேருகிற இடத்தில் விட்டால் வீட்டுக்கு வந்ததும் ஷாஃப்டையும் ப்ரொப்பெல்லரையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, குழாய்க்குப் புதிதாகக் கிரீஸ் போட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீர் படகுக்குள் தெறித்திருந்தால், சாதாரண இரும்பு கிரப் ஸ்க்ரூ சில வாரங்களில் துருவேறிக் குழியோடு மூடிக்கொள்ளும், அடுத்த முறை ஆலன் கீ உள்ளே இறங்காது. ஸ்டெயின்லெஸ் வாங்கச் சொன்னது அதற்காகத்தான். போர்த் தண்ணீர் வெள்ளையாகப் படிகிற ஏரியாவில் இருந்தால் கடைசியாக ஒரு மக் கேன் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

படகோடு எடுத்துப்போகிற பையில் 1.5, 2 மி.மீ. ஆலன் கீ, இரண்டு கிரப் ஸ்க்ரூ, ஒரு 4 மி.மீ. நட்டு, 7 மி.மீ. ஸ்பேனர், மார்க்கர் எப்போதும் இருக்கட்டும். கரையில் வைத்து மூடியைத் திறந்து பார்க்கும்போது கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் அன்றைக்குப் படகைத் திரும்பத் தண்ணீரில் இறக்காதீர்கள். நடு ஏரியில் நின்றுபோன படகைக் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது, அதை எடுக்க ஆகாயத்தாமரைக்குள் யாரும் இறங்கவும் கூடாது.